மார்கழியில் எழுதிய அறிக்கை

நேற்று மாலை உன் வீட்டிலிருந்து திரும்பும் வழியில் சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் கால் மணி நேரம் நின்றேன். பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. வேகவைத்த இனிப்புச் சோளத்தில் வெண்ணெயும் மிளகாய்த் தூளும் கலந்து காகிதக் கோப்பையில் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண். அவள் பாத்திரத்தின் மூடியைத் தூக்கியதும் ஆவி காற்றில் திரும்பி என் முகத்தில் அடித்தது. உன் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் வராத அழுகை அங்கே வந்தது. "காரம் கம்மியா போடட்டாக்கா?" என்று அவள் கேட்டாள். தலையாட்டி ஒரு கோப்பை வாங்கினேன். சாப்பிட முடியவில்லை.

அது என்ன வாடை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டைமெதில் சல்ஃபைடு. துளியூண்டு இருந்தால் சோளம் வேகும் மணம். கொஞ்சம் கூடினால் அழுகிய முட்டைக்கோசு. நாம் வேலை பார்த்த அளவுக்குக் கூடினால் அதற்கு எந்த மொழியிலும் பேர் கிடையாது.

மண்ணூருக்கு வெளியே இருந்த அந்தச் சின்ன ஆலையில் நான் சேர்ந்தபோது செல்பேசி இன்னும் எல்லார் கைக்கும் வந்திருக்கவில்லை. மருந்துக் கம்பெனிகளுக்கு இடைப்பொருள் செய்து கொடுக்கிற இடம். நான் சாத்தூரிலிருந்து எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டுப் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தவள். நீ மண்ணூர்க்காரி. ஆலையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தெருதான் உன் தெரு. உற்பத்திப் பிரிவில் பெண் கெமிஸ்ட் நீ ஒருத்திதான். முதல் நாள் என் பேரைக் கேட்டுவிட்டு, அது வேண்டாம் என்று நீயே முடிவு செய்து, "சாத்தூரு" என்று கூப்பிட ஆரம்பித்தாய். கடைசி வரை அதுதான். நான் உன்னை "ஏ புள்ள" என்பேன். ஒரே வயது நமக்கு. நீ என்னைவிட நாற்பது நாள் மூத்தவள் என்பது பிறகு தெரிந்தது. அதை வைத்து நீ செய்த அதிகாரம் கொஞ்சமில்லை.

வாடை போரேன் வழியாக வந்தது. ஓர் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்ற நமக்குப் போரேன் வேண்டும். அதைத் தனியாக வைத்திருக்க முடியாது. காற்றுப் பட்டால் தீப்பிடிக்கிற வாயு அது. ஆகையால் வேறொரு சேர்மத்தோடு இணைத்துத்தான் விற்பார்கள். அந்த இணைப்புக்கு அடக்ட் என்று பேர். நம் ஆலைக்கு வந்தது டைமெதில் சல்ஃபைடு என்கிற அந்தக் கந்தகச் சேர்மத்தோடு இணைந்த போரேன்.

இதையெல்லாம் நானும் படித்தவள்தான். இருந்தும் ஒரு சாப்பாட்டு நேரத்தில், என் நோட்டின் பின்னட்டையில் மூன்று குச்சிகள் வைத்த வட்டம் ஒன்றைப் போட்டு நீ சொன்னதுதான் மனசில் நின்றது.

"போரானுக்கு மூணு பக்கம் ஆளு கீது. நாலாவது எடம் காலி. ரெண்டு எலக்ட்ரான எவன்னா குடுத்தா வாங்கிக்கும், தானா குடுக்க அதுகிட்ட ஒண்ணியும் இல்ல. கந்தகம் குடுக்கும், ஆக்சிஜனும் குடுக்கும். ஆனா கந்தகம் குடுத்தா இது கெட்டியா புடிச்சிக்கும். ஆக்சிஜன் குடுத்தா சும்மா தொட்டுகினு நிக்கும். கொஞ்சம் சூடு பட்டா வுட்ரும்."

அதோடு விடவில்லை. இன்னொரு வட்டம் போட்டாய். "இதுல பாரு. அதே போரான்தான். ஹைட்ரஜன எடுத்துட்டு மூணு ஃபுளோரின் வை. இப்போ அதுக்கு கந்தகம் புடிக்காது, ஆக்சிஜன்தான் வேணும். ஈத்தரோட வர்ற டின்னு நம்ம ஸ்டோர்ல கீதே, அது. கூட யாரு நிக்கிறாங்கன்றத வச்சி அதோட குணமே மாறுது பாரேன்." சோற்றுக் கையை அந்தரத்தில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு அது பாடமாக இல்லை, பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி இருந்தது.

கந்தகம் கெட்டியாகப் பிடித்திருந்ததால் அந்தப் போரேனைச் சாதாரண அறையில் மாசக்கணக்கில் வைக்கலாம். வேலை முடிந்து போரேன் கழன்ற பிறகு மிஞ்சும் டைமெதில் சல்ஃபைடுதான் சிக்கல். அது குழாய் வழியே கூரைக்கு மேலே போகும். மேலே போனது மேலேயே இருக்காது. நம் துணியில், தலைமுடியில், டிபன் பாக்ஸ் மூடியில் எல்லாம் வந்து உட்காரும்.

ஷிப்ட் பேருந்தில் நமக்குப் பின்னால் இரண்டு வரிசை எப்போதும் காலி. நீ அதைச் சௌகரியமாக எடுத்துக்கொண்டு கால் நீட்டித் தூங்குவாய். எனக்கு அப்படி முடியவில்லை. சுங்குவார்சத்திரத்தில் முதலில் தங்கிய அறையின் சொந்தக்காரம்மா ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மருந்து கம்பெனின்னு சொல்லிட்டு கருவாட்டு கம்பெனிக்கா போற?" என்று கேட்டார். இரண்டாவது அறையில் கூட இருந்த தேனிப் பெண்கள் என் துணியை மாடியில் காயப்போடக் கூடாது என்றார்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் துணியை ஊறவைத்தால் வாடை போகும் என்று கண்டுபிடித்தது நீதான். வாடை போனது, சாயமும் கூடவே போனது. அந்த வருஷம் நம் இருவரிடமும் திட்டுத்திட்டாக வெளுக்காத சுடிதார் ஒன்றுகூட இல்லை.

உன்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? துணைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாய். மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுளித்து, "இன்னாம்மா, வூட்டுக்குப் பின்னால எதுனா செத்துக் கெடக்குதா?" என்றார். உன் அப்பா வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய், "இல்லீங்க, அது என் மேலருந்து வருது." பஜ்ஜித் தட்டைத் தொடாமல் எழுந்து போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து அத்தனை பஜ்ஜியையும் தின்றோம். உன் அப்பா உன்னோடு மூன்று நாள் பேசவில்லை.

சிரித்துச் சிரித்து ஒரு வருஷம் போனது. ஆனால் ஊருக்கு அது சிரிப்பாக இல்லை. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சோறு போடும் நேரத்தில் காற்று அந்தப் பக்கம் அடித்தால் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். ஒரு காலையில் உன் தெரு ஆட்கள் முப்பது பேர் ஆலை வாசலுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே வேலை பார்க்கிற ஊர்ப்பிள்ளை என்று உன்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நீ வெளியே போய் அவர்களோடு நின்றாய். மேலாளர் வந்தபோதும் அந்தப் பக்கத்திலேயே நின்று, "அவங்க சொல்றது நெஜம்தான் சார், போற வழியிலயே பிளீச்சிங் தண்ணி வச்சி கொன்னா வாசன வெளிய போவாது" என்று சொன்னாய்.

மேலாளர் வேறு வழியைப் பிடித்தார். கந்தகமே இல்லாத அடக்டுக்கு மாறிவிடலாம் என்றார். டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைந்த போரேன். ஆக்சிஜன் பிடித்திருப்பது. நாற்றமே கிடையாது. குளிரில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். சோதனை ஓட்டம் மூன்று நடத்தி அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

அப்போது நான் மூன்றாவது அறை தேடிக்கொண்டிருந்தேன். அதை இங்கே சொல்லாமல் விட்டால் இந்த மடல் எழுதுவதில் அர்த்தமில்லை. அந்தப் புதிய சிலிண்டர் வந்த அன்று நான் அதன் பக்கத்தில் நின்று ஆழமாக மூச்சிழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. மூன்று ஓட்டமும் ஒழுங்காக வந்தன. விளைச்சல் அதே அளவு, தூய்மை அதே அளவு. இரண்டு வாரம் வெளியே வைத்துப் பார்த்ததிலும் சிலிண்டரில் அழுத்தம் ஏறவில்லை. 'மாற்றம் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீ அறிக்கையை இரண்டு தடவை படித்தாய்.

"இதுல பொய் எதுவும் இல்ல சாத்தூரு," என்றாய். "ஆனா நீ இத மார்கழில எழுதிட்ட. சித்திரைய யாரும் எழுதல."

"கோல்டு ரூம் இருக்குல்ல? அங்கன வச்சா சித்திரையும் மார்கழிதான்," என்றேன்.

"கரண்ட்டு போனா?"

"ஜெனரேட்டர் வாங்குறாங்களாம்ல."

"வாங்கட்டும். வாங்குனப்புறம் கையெழுத்துப் போட்டிருக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன புள்ள, சொந்த வீடு. என்னைய மாதிரி மூட்டையத் தூக்கிட்டு அலைஞ்சா தெரியும்," என்று சொல்லிவிட்டேன். நீ தாளை என்னிடம் நீட்டினாய். நீயும் போய் மேலாளரிடம் ஒரு கடிதம் கொடுத்தாய். அதில் என் அறிக்கை தவறு என்று ஒரு வரிகூட எழுதவில்லை. குளிரறைக்குத் தனி ஜெனரேட்டர் வரும் வரை பழையதையே வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் எழுதியிருந்தாய். தை பிறந்ததும் மாற்றிவிட்டார்கள்.

அந்த மூன்று மாசம் நன்றாகத்தான் இருந்தது. பேருந்தில் நமக்குப் பின்னால் ஆட்கள் உட்கார்ந்தார்கள். நான் ஒரே அறையில் நிலைத்தேன். உன் தெருவில் ஒருவர் உன் அப்பாவிடம், "உம் பொண்ணு சொல்லித்தான் நாத்தம் நின்னுச்சாமே," என்று சொல்லியிருக்கிறார். நீ அதைத் திருத்தவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை. தினம் காலையில் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் நேரே குளிரறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாய். ஜெனரேட்டர் வந்தபாடில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிறு. கம்பி வேலைக்காக அந்தப் பகுதி முழுக்கப் பகலெல்லாம் மின்சாரம் இல்லை. சாயங்காலம் மின்சாரம் வந்தது. ஆனால் குளிரறைக் கம்ப்ரசரைக் கையால் போட்டால்தான் ஓடும். அது காவலாளிக்குத் தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நீ கதவைத் திறந்தபோது உள்ளே வெளியைவிடச் சூடு. தகரக் கூரை. நான்கு சிலிண்டர். நீ கத்தவில்லை. என்னைத் தேடிப் பரிசோதனைக்கூடத்துக்கு நடந்து வந்தாய். "வா" என்றாய்.

மூன்றாவது சிலிண்டரின் அழுத்தமானி முள்ளைக் காட்டினாய். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நாம் நின்று பார்த்த ஐந்து நிமிஷத்திலேயே நூல் அளவு நகர்ந்தது. ஆக்சிஜன் கைவிட்ட போரேன் உள்ளே வாயுவாகக் கூடிக்கொண்டிருந்தது. சிலிண்டர் வெடிக்கலாம், அல்லது பிளந்து தீப்பிடிக்கலாம். சூடு ஏறினால் சிதைவது கூடும். சிதைந்தால் சூடு இன்னும் ஏறும்.

அன்று மேலாளர் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. நீ தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னாய். பம்ப் பார்ப்பவரைத் தவிர ஷிப்டில் இருந்த ஆறு பேரையும் மெயின் ரோட்டுக்குப் போகச் சொன்னாய். பிறகு என்னைப் பார்த்தாய். "சிலிண்டர வெளிலருந்து தண்ணி அடிச்சி குளிர வைக்கணும். கிட்ட போவக் கூடாது. பாய்லர் சொவத்துக்குப் பின்னாலருந்து அடி. வாய்ப்பக்கம் தண்ணி படாம பாத்துக்கோ. நான் ஊருக்குள்ள போயி சொல்லிட்டு வந்துர்றேன். உன்னால முடியுமா?"

"போ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நீ பின்கதவு வழியாக ஓடினாய். பம்ப் ஹவுஸ் ஆலையின் மறுகோடியில் இருந்தது. அங்கே ஒருவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றபடி அந்த இடத்தில் நான் மட்டும். தீயணைப்புக் குழாயின் கனமும் உதறலும் இன்னும் என் தோளில் இருக்கிறது. குளிரறையின் கதவை அகலத் திறந்து வைத்திருந்தாய். அந்த இருட்டான வாசலுக்குள் தண்ணீர் விழுந்து தெறிக்கிற சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. வாடையும் இல்லை. நான் அதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். மூச்சிழுத்து மூச்சிழுத்துப் பார்த்தேன், எதுவும் இல்லை. முன்பு சொர்க்கமாக இருந்தது அன்று எனக்குப் பிடித்துக்கொள்ள எதையும் தரவில்லை.

ஊருக்குள் நடந்ததைப் பிறகு நீ சொல்லித் தெரிந்துகொண்டேன். முதல் வீட்டில் நீ, "வெடிச்சாலும் வெடிக்கும், எல்லாரும் ஏரிக்கரைக்குப் போயிருங்க," என்றதும் அவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்திருக்கிறார்கள்.

"வாசனையே இல்லியே?"

"வாசன இல்லாதது இது. அது இருந்தா நானே உங்கள உக்காரச் சொல்லிருப்பேன். எந்திரிங்க."

வீடு வீடாகத் தட்டினாய். அடுப்பில் உலை கொதித்தது. மாடு கட்டியிருந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த ஒருவரைக் கட்டிலோடு தூக்கச் சொன்னாய். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போனாய். அரை மணி நேரத்தில் மொத்தத் தெருவும் ஏரிக்கரையில் நின்றது. பிறகு நீ ஆலைக்குத் திரும்பி வந்தாய்.

பாய்லர் சுவருக்குப் பின்னால் நீ வந்து குந்தியபோது உன் செருப்பு அறுந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"முள்ளு எப்டி கீது?" என்று கேட்டாய்.

"தெரியல புள்ள. இங்கருந்து முள்ளு தெரிய மாட்டேங்குது."

குழாயின் பின்பாதியை நீ பிடித்துக்கொண்டாய். பாதிக் கனம் குறைந்தது. தீயணைப்பு வண்டி வருவதற்கு இன்னும் அரை மணி நேரம் ஆனது. அவர்கள் வந்ததும் நம்மை ரோட்டுக்குத் துரத்திவிட்டு இரண்டு குழாய் போட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் முள் நின்றது. மூன்று மணிக்குக் கொஞ்சம் இறங்கியது. நான்கு மணிக்கு, பயமில்லை, ஊர்க்காரர்கள் திரும்பலாம் என்றார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் உனக்கு வினையாகப் போனது.

ஏரிக்கரையில் வெயிலில் ஏழு மணி நேரம் நின்றவர்கள் திரும்பி வந்து பார்த்தால் ஆலை அப்படியே இருந்தது. ஒரு ஓடு உடையவில்லை. "ஒண்ணியும் வெடிக்கல, என் சோறுதான் தீஞ்சிச்சி," என்று ஓர் அம்மா உன் வாசலில் கரிப்பிடித்த பானையைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் மேலாளர், ஊரைக் கூட்டிப் பீதி கிளப்பியதற்காக உனக்கு மெமோ கொடுத்தார். விளக்கம் ஏற்கப்படும் வரை உற்பத்திப் பிரிவுக்குள் வரக் கூடாது. ஸ்டோரில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். மெமோவோடு என் மார்கழி அறிக்கையின் நகலை இணைத்திருந்தார்கள். அழுத்தம் ஏறாது என்பதற்கு ஆதாரமாக.

அதை நீ என்னிடம் சொல்லவில்லை. டைப் அடித்த பெண் சொன்னாள்.

நான் மேலாளரிடம் போனேன். "சார், மூணாவது சிலிண்டர்ல சாம்பிள் எடுத்துப் பாக்கணும்."

"அதையெல்லாம் சப்ளையருக்குத் திருப்பி அனுப்பப் போறோம்மா. டெஸ்ட் எதுக்கு?"

"அனுப்புறதுக்கு முன்னாடி பாக்கணும் சார்."

"தேவையில்லைன்னா தேவையில்லை. இருக்குற தலவலி போதும்." அவர் கெட்டவர் இல்லை. அன்று காலையிலிருந்து அவருக்கு நான்கு அலுவலகங்களிலிருந்து தொலைபேசி வந்திருந்தது.

சிலிண்டர் நன்றாகக் குளிர்ந்த பிறகு, பம்ப் ஹவுஸ்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான் சாம்பிள் எடுத்தேன். அமிலத் தண்ணீரில் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டால் போரேன் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஹைட்ரஜன் வரும். அளவுக் குழாயில் பார்த்துவிடலாம். வந்தது, வர வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். நம்பாமல் மறுபடி செய்தேன், மூன்றாவது தடவையும் செய்தேன். அதே அளவு. மீதிப் போரேன் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சிதைந்திருந்தது. இன்னும் சில மணி நேரம் வெயில் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குக் கணக்குப் போட வேண்டியதே இல்லை.

அன்றே இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கை குளிர்காலத்தில் மட்டும் செய்த சோதனை, அதை வைத்துப் பரிந்துரை செய்தது என் தவறு என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். ஊரை வெளியேற்றியது சரி என்று கடைசிப் பத்தியில் எழுதினேன். மேலாளர் மேஜையில் வைத்தபோது என் வேலை போய்விடும் என்று நினைத்தேன். சாத்தூர் பஸ் நேரத்தைக்கூட விசாரித்து வைத்திருந்தேன். அவர் படித்தார். "இதுக்கு ஒரு காப்பி வச்சிருக்கியா?" என்று கேட்டார். "ரெண்டு இருக்கு சார்," என்றேன்.

வேலை போகவில்லை. உன் மெமோவை யாரும் திரும்ப வாங்கவும் இல்லை, அதன் மேல் எதுவும் செய்யவும் இல்லை. ஒரு வாரம் கழித்து நீ ஸ்டூலிலிருந்து எழுந்து ரியாக்டருக்குப் போனாய். யாரும் தடுக்கவில்லை. பழைய அடக்ட் திரும்பி வந்தது. இந்தத் தடவை புகைக்குழாயில் பிளீச்சிங் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள், நீ வாசலில் நின்று கேட்டது. ஊருக்கு நாற்றம் பெரும்பாலும் நின்றது. நமக்குத்தான் நிற்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் நீ கேட்டாய். "ரெண்டாவது ரிப்போர்ட்டுல மாசம் போட்டியா?"

"போட்டேன். வெயில் எவ்வளவுன்னும் போட்டேன்."

"உம்" என்றாய். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த விஷயத்தை நாம் பேசியதே இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். கேட்கவில்லை. உனக்குச் சொந்த வீடு இருந்ததைக் குத்திக் காட்டிப் பேசியதற்கும் கேட்கவில்லை.

ஊரையே ஏரிக்கரைக்குத் துரத்தியவள் என்ற பேர் உன்னை விட்டுச் சீக்கிரம் போகவில்லை. இரண்டு வரன் அதைச் சொல்லியே தட்டிப்போனது. உனக்குக் கல்யாணமாகி அரக்கோணம் பக்கம் போனபோது எனக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்திருந்தது. முதலில் மாசம் ஒரு தொலைபேசி. பிறகு பொங்கலுக்கு ஒன்று. பிறகு அதுவும் எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றுபோனது. உனக்குச் சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாய் என்பது எனக்குத் தெரியாது. உன் தம்பி ஒரு பழைய டைரியில் 'சாத்தூரு' என்று எழுதியிருந்த எண்ணைக் கண்டுபிடித்து, அது பழைய எண் என்பதால் யார் யாரிடமோ கேட்டு, என்னைப் பிடித்தபோது எல்லாம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

நேற்று மண்ணூரில் உன் பிறந்த வீட்டில் வைத்த காரியத்துக்கு வந்தேன். உன் அப்பா இல்லை, உன் தம்பிதான் இருக்கிறான். உன் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாளாம். என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். வாயைத் திறந்தால் உன் குரல். பின்பக்கம் ஆலை இல்லை. மனைகள் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள்.

கூடத்தில் என் பக்கத்தில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். பல் இரண்டு போயிருந்தது. நான் யாரென்று கேட்டார். "கூட வேல பாத்தேம்மா. சாத்தூர்," என்றேன்.

அவர் என்னைத் திரும்பி நன்றாகப் பார்த்தார். "நீதானா அது? நான்தாம்மா அன்னிக்கி பானைய கொண்டாந்து வச்சவ." கொஞ்சம் சிரித்தார். "அப்போ கோவம். அப்புறம் உங்க ஆபீசு பம்பு ஓட்றவரு சொன்னாரு, நெஜமாவே வெடிக்க இருந்துச்சின்னு. அதுக்கப்புறம் நான் அவள ஒண்ணும் சொன்னதில்ல."

நான் தலையாட்டினேன்.

"எங்க எல்லாத்தையும் கரைல ஏத்தி வுட்டுட்டு அவ திரும்பி ஓடுனா. நான்தான் கைய புடிச்சி நிறுத்துனேன். அறிவுகெட்டவளே, வெடிக்கும்னு எங்கள இட்டாந்து வுட்டுட்டு நீ எதுக்குடி அங்க போறன்னு கேட்டேன். கம்பெனி சாமான் போனா போவுதுன்னேன்."

"என்ன சொன்னா?"

"சாமானுக்கு இல்லக்கான்னா. 'அங்க சாத்தூரு ஒண்டியா கீறா, அவளுக்கு பயமா இருக்கும்'னா. கைய உதறிட்டுப் போயிட்டா."

இத்தனை வருஷம் நான் நீ சிலிண்டர் முள்ளைப் பார்க்கத் திரும்பி வந்தாய் என்றே நினைத்திருந்தேன். நீ அப்படித்தான் கேட்டாய். நானும் அப்படித்தான் பதில் சொன்னேன். குழாயின் பின்பாதியை நீ பிடித்ததும் என் கை நடுக்கம் நின்றது. அது பாரம் குறைந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் மகளிடம் என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கல்லூரிக்கு எங்கே சேர்ந்தாலும், எந்த ஊரில் அறை எடுத்தாலும், முதலில் எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். "எதுக்கு ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவளுக்கு நான் காரணம் சொல்லவில்லை. தெரியாத ஊரில் அவள் தனியாக நிற்கிற முதல் நாள் நான் அங்கே போய் நிற்பேன். அவள் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், நானும் வேறு ஏதோ ஒன்றைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்வேன்.